திரைக்குச் சாட்சி யார்?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி தாண்டினால், கடல் பக்கமாக ஒதுங்கி இருக்கிற ஊர் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயருக்குத் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் கிடந்தான் அர்ச்சுனன். அவனைச் சோதிக்க சிவபெருமான் வேடன் வேஷத்தில் வந்தார். 'பன்றியை அடித்தது நானா, நீயா?' என்று இரண்டு பேருக்கும் தகராறு. வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகி, வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று அர்ச்சுனனுக்குப் புரிந்தது.

அர்ச்சுனன் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. வேடன் தெரிந்தான், வேடன்தான் என்று நம்பினான். அவ்வளவுதான் நடந்தது.

அதே திருவேட்டக்குடியில்தான் இன்றைக்குப் புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது. 2010ல் ஆரம்பித்த மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரி. முதலில் திருச்சி என்.ஐ.டி. கைபிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தது. பெயரில்தான் புதுச்சேரி. நிஜப் புதுச்சேரி அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே! அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன்களும் பெண்களும் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களை விடுங்கள். நீங்கள் இன்றைக்கு எத்தனை எடுத்தீர்கள்? ரயில் டிக்கெட், பையனின் மார்க், மச்சினர் வாட்ஸ்அப்பில் போட்ட வம்பு, பணம் அனுப்பியதற்கான பச்சை டிக்... எல்லாமே ஸ்க்ரீன்ஷாட்தான். 'இதோ பாரு, ப்ரூஃப்!' என்று போனை நீட்டுகிறோம். எதிராளியும் வாயை மூடிக்கொள்கிறார்.

வேடனைப் பார்த்து நம்பிய அர்ச்சுனன் மாதிரி நாமும் திரையைப் பார்த்து நம்புகிறோமே, அது சரிதானா? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் கீபோர்டின் வலது பக்க மேல்மூலையைப் பாருங்கள். 'பிரின்ட் ஸ்க்ரீன்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்திப் பார்த்தால் பிரின்டரிலிருந்து எதுவும் வராது. அப்புறம் ஏன் அந்தப் பெயர்?

காரணம், ஒரு காலத்தில் நிஜமாகவே வந்தது! 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் ஷிஃப்ட்டோடு சேர்த்து இந்தப் பட்டனை அழுத்தினால், திரையில் இருக்கிற எழுத்துக்கள் அத்தனையும் நேராகப் பிரின்டருக்குப் போகும். டாட் மேட்ரிக்ஸ் 'கிர்ர்... கிர்ர்...' என்று கத்திக்கொண்டே வரி வரியாகக் காகிதத்தில் துப்பும். கணக்குப் பிள்ளைக்கு அது பெரிய வரம். திரையில் பார்த்ததைக் கையால் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பாருங்கள்.

பின்னால் விண்டோஸ் வந்ததும் பட்டனின் வேலை மாறியது. அழுத்தினால் திரையின் படம் கம்ப்யூட்டரின் நினைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட்டைத் திறந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வேலை மாறினாலும் பெயரை யாரும் மாற்றவில்லை. 1984ல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷில் இதற்கென்று தனிப் பட்டன் கிடையாது. மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு படக் கோப்பாகவே பதிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் என்ன செய்தார்கள்? ரொம்ப எளிமையான வழி. கேமராவை எடுத்துத் திரைக்கு முன்னால் வைத்து 'க்ளிக்'! சோதனைச்சாலைகளில் ஆஸிலாஸ்கோப் திரையில் ஓடுகிற அலையைப் பிடிக்க, வெளிச்சம் புகாத கூண்டு ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையில் போலராய்ட் கேமராவைப் பொருத்துவார்கள். 1963ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவான் சதர்லண்ட் என்கிற இளைஞர், திரையில் ஒளிப்பேனாவால் படம் வரைகிற 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதினார். அதைப் பற்றிய அவருடைய ஆய்வேட்டில் இருப்பவை திரையைக் கேமராவால் பிடித்த போட்டோக்கள்தான். பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளிலும் இதே கதை. அறையை இருட்டாக்கி, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை நிதானமாகத் திறந்து மூடுவார்கள். அவசரப்பட்டால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்துவிடும்.

2008ல் ஐபோனில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் படம் என்று ஆனது. 2011ல் ஆண்ட்ராய்டின் நாலாம் பதிப்பு, பவரையும் வால்யூமையும் சேர்த்துப் பிடித்தால் போதும் என்றது. இருட்டறை, ஸ்டாண்ட், போலராய்ட் எல்லாம் போய், இரண்டு விரலில் முடிகிற விஷயமாகிவிட்டது.

உலகத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் ஒரு வசதி. தமிழுக்கோ ஒரு காலத்தில் அது உயிர்மூச்சாகவே இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

1990களில் தமிழில் ஒரு ஈமெயில் அனுப்புவது சாதாரணக் காரியம் இல்லை. ஒவ்வொரு சாஃப்ட்வேர்க்காரரும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தார். ஒருவரின் 'அ' இருக்கிற இடத்தில் இன்னொருவர் 'ழு'வை வைத்திருப்பார். 'அன்புள்ள மாமாவுக்கு' என்று நீங்கள் அடித்து அனுப்பினால், மாமாவின் திரையில் கொம்பும் கோடுமாக ஏதோ கிரந்தம் மாதிரி தெரியும். மாமா அதே எழுத்துருவை இறக்கி வைத்திருந்தால் பிழைத்தார். பத்திரிகைகளின் இணையதளங்களே, 'முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்த காலம் அது.

இதற்குக் குறுக்குவழி ஒன்று இருந்தது. தமிழில் அடி, அதைப் படமாக்கு, படத்தை அனுப்பு. பார்க்கிறவர் எந்த நாட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் என்ன? படம் படம்தானே! தலைப்புகளும் கவிதைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் இப்படித்தான் கடல் தாண்டின.

ஆனால் படத்தில் ஒரு சிக்கல். கண்ணுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிகளின் கூட்டம். அதில் தேட முடியாது, ஒரு வரியைப் பிரித்து எடுக்க முடியாது, கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் அதை வாசித்துக் காட்டவும் முடியாது. தமிழ் நிஜமாகவே எழுத்தாகக் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும் என்று பலர் பாடுபட்டார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு. 1999ல் சென்னையில் அடுத்தது. 'தமிழ் 99' விசைப்பலகை அந்தச் சென்னை மாநாட்டின் பலன். உலகப் பொது முறையான யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அது நம் வீட்டுக் கம்ப்யூட்டர் வரை வந்து சேர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்று ஆணை போட்டது 2010ல்.

இத்தனை பேர் இத்தனை வருஷம் மெனக்கெட்டுத் தமிழைப் படத்திலிருந்து எழுத்துக்கு மீட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால் 'டக்'கென்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுகிறோம். மறுபடியும் படம்! எழுதியவர் பெயர் மேலே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். எப்போது வந்தது, எதில் வந்தது என்கிற விவரம் கீழே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். நடுவில் இருக்கிற நாலு பத்தி மட்டும் அநாதையாக நாலாயிரம் பேரைச் சுற்றி வரும்.

'அட, படமாவது மிஞ்சுகிறதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாஹூவின் ஜியோசிட்டீஸை 2009ல் இழுத்து மூடினார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஆசை ஆசையாகக் கட்டிய இணையப் பக்கங்கள் அதோடு போயின. யாஹூ குழுமங்களை 2020ல் மூடினார்கள். தமிழர்கள் வருஷக்கணக்கில் அங்கே இலக்கியம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி எழுதிய எத்தனையோ பக்கங்கள் அந்தக் குழுமங்களில் இருந்தன. யாராவது எடுத்து வைத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை. கல் கூட இடிந்தால் செங்கல்லாவது மிஞ்சும். திரை அணைந்தால் அந்தத் தூசி கூட மிஞ்சாது.

கல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ஸ்க்ரீன்ஷாட்டுக்குத் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மைப்படி.

கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. கல்லைப் பெயர்த்து ஆபீசுக்குக் கொண்டுபோக முடியுமா? அதனால் கல்வெட்டுத் துறைக்காரர்கள் கோயிலுக்கே வருவார்கள். சுவரைத் துப்புரவாகக் கழுவுவார்கள். தண்ணீரில் நனைத்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் 'தட், தட்' என்று அடிப்பார்கள். வெட்டியிருக்கிற எழுத்துக்குள் காகிதம் போய்ப் பதியும். ஓரளவு காய்ந்ததும் மை தொட்ட பஞ்சுப் பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடத்தில் மை பிடிக்கும். பள்ளமான எழுத்தில் பிடிக்காது. உரித்து எடுத்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ராஜராஜன் பேசுவான். கல்லின் ஸ்க்ரீன்ஷாட்!

1886ல் ஹூல்ட்ஷ் என்கிற ஜெர்மானிய அறிஞரைச் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு அறிஞராகப் போட்டார்கள். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890ல் வந்தது. அப்போதிலிருந்து கிராமம் கிராமமாகப் போய் எடுத்த மைப்படிகள் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்தன. திருப்பணி என்ற பெயரில் சுவரை இடித்தார்கள், மணலை வாரியடித்துக் கல்லைச் சுரண்டினார்கள், சுண்ணாம்பைப் பூசி மறைத்தார்கள். பல இடங்களில் கல் போய்விட்டது. காகிதம் இருக்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டதே, அந்த வழக்கு கோர்ட் வரை போனதற்குக் காரணம் இதுதான். அசல் போன இடத்தில் நகல்தான் அசல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துறையின் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு மைப்படிக்கும் ஒரு எண் இருக்கும். இந்த வருஷத்தில் எடுத்த இத்தனையாவது மைப்படி, இந்தத் தாலுகா, இந்தக் கிராமம், இந்தக் கோயில், கருவறையின் வடக்குச் சுவர் என்று தெளிவாக எழுதி வைத்தார்கள். இந்த நாலு வரி இல்லையென்றால் நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதத்தை விரித்துப் பார்க்கிறவர் என்ன செய்வார்? 'யாரோ ஒரு ராஜா எங்கேயோ ஒரு கோயிலுக்கு நிலம் விட்டிருக்கிறார்' என்று சொல்லிவிட்டுச் சுருட்டி வைப்பார். காகிதத்தை ஆதாரமாக்கியது மை இல்லை. ஓரத்தில் எழுதிய அந்த நாலு வரி.

நகலுக்கு இப்படி ஒருவர் பொறுப்பேற்பது நமக்குப் புதிதும் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் 1739ல் கால் வைத்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. அந்த இருநூறு வருஷத்தில் அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று 'நொத்தேர்'. பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற அதிகாரி. பிரெஞ்சு முறையில் ஒரு விசேஷம் உண்டு. கையெழுத்துப் போட்ட அசல் பத்திரம் நொத்தேரிடமே தங்கிவிடும். உங்கள் கைக்கு வருவது நகல். 'அசலோடு ஒத்துப் பார்த்தேன்' என்று நொத்தேர் தன் முத்திரையைக் குத்தித் தருவார். அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு.

வெள்ளைக்காரன் ஆண்ட பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இது தெரியும். வேலைக்கு மனு போடுகிற காலத்தில் சர்டிஃபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் கால்கடுக்க நின்றோமே! 'ட்ரூ காப்பி' என்று பச்சை மையில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் ஜெராக்ஸுக்கு உயிர். இல்லாவிட்டால் அது மிக்சர் கட்டுகிற காகிதம்.

சரி, திரைக்கு யார் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது?

இந்தக் கேள்வி இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது வேறெங்கும் இல்லை, நம் சென்னையில்தான். 2004ஆம் வருஷம். விவாகரத்தான ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான், குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவன். அந்தப் பெண் மறுத்துவிட்டார். பழிவாங்க அவன் தேர்ந்தெடுத்தது இணையத்தை. அந்தப் பெண்ணின் பெயரில் பொய்யாக ஒரு ஈமெயில் கணக்கைத் தொடங்கினான். யாஹூவின் குழுமங்களில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதி, போன் நம்பரையும் சேர்த்துப் போட்டான். கண்ட கண்டவர்களெல்லாம் அவருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரோ அவன் பெயரோ நமக்கு வேண்டாம். அந்தப் பெண் பட்ட பாட்டை மட்டும் நினைத்துப் பாருங்கள். சொன்னால் வெட்கம். சொல்லாவிட்டால் போன் மணி நிற்காது.

அவர் சொன்னார். பிப்ரவரியில் போலீசுக்குப் போனார். சென்னை சைபர் கிரைம் போலீஸ் விசாரித்து, மும்பையில் ஆளைப் பிடித்தது.

கோர்ட்டில் இனிமேல்தான் சிக்கல். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார்? 'இந்தப் பக்கத்தை இவர்தான் எழுதினார் என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தப் பெண்ணே எழுதிக்கொண்டிருக்கலாமே? அவருடைய முன்னாள் கணவர் எழுதியிருக்கலாமே? நீங்கள் காட்டுகிற காகிதம் சட்டப்படி சாட்சியமே இல்லையே?' கிட்டத்தட்ட இவ்வளவையும் கேட்டார்கள்.

அசல் எங்கே இருக்கிறது? யாஹூவின் சர்வரில், அமெரிக்காவில் எங்கேயோ. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எழும்பூர் கோர்ட்டில் வைக்க முடியுமா? கல்லைப் பெயர்க்க முடியாத அதே பிரச்னை!

இதற்கு 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஒரு வழி செய்து வைத்திருந்தது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 65பி என்று ஒரு பிரிவைப் புதிதாக நுழைத்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த அச்சோ, சி.டி.யோ சாட்சியமாக வேண்டுமானால் அதோடு ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது, கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது மைப்படியின் ஓரத்து நாலு வரி, நொத்தேரின் முத்திரை, பச்சை மை... எல்லாம் சேர்ந்த ஒன்று.

அப்படி ஒரு சான்றிதழை யாரும் கோர்ட்டில் பார்த்திராத நேரம். 'நாவி' என்று அறியப்பட்ட சைபர் சட்ட நிபுணர் விஜயசங்கர், அந்த யாஹூ பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, அச்செடுத்து, 65பி சான்றிதழ் இணைத்துக் கொடுத்தார். சாட்சிக் கூண்டிலும் ஏறினார். அந்த மெசேஜ்கள் போன பிரவுசிங் சென்டர்காரர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். 2004 நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றவாளிக்கு இரண்டு வருஷக் கடுங்காவலும் அபராதமும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று இதைச் சொல்கிறார்கள். புகார் கொடுத்த அதே வருஷத்துக்குள் தீர்ப்பு! நம் கோர்ட்டுகளின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் கையில் வெறும் காகிதம் மட்டும் இருந்திருந்தால்? 'இதை நீயே அடித்துக்கொண்டு வந்திருக்கலாம்' என்கிற ஒரே கேள்வியில் வழக்கு படுத்திருக்கும். அவர் பட்ட அவமானத்தோடு பொய்க்காரி என்ற பட்டமும் சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு இந்தச் சான்றிதழ் உச்ச நீதிமன்றத்தில் ஊஞ்சலாடியது தனிக்கதை. 2005ல் பாராளுமன்றத் தாக்குதல் வழக்கில், 'சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம்' என்றது. 2014ல் கேரளத் தேர்தல் வழக்கு ஒன்று. சி.டி.க்களைக் கொண்டு வந்தவர் சான்றிதழ் கொண்டு வரவில்லை. 'சான்றிதழ் கட்டாயம்' என்று சி.டி.க்களை ஒதுக்கியது. 2018ல் கொஞ்சம் தளர்த்தியது. 2020ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு மறுபடியும் முடிச்சை இறுக்கியது: நகலைக் காட்டினால் சான்றிதழ் கட்டாயம். பதிவு இருக்கிற அசல் போனையோ லேப்டாப்பையோ அதன் சொந்தக்காரரே கூண்டில் ஏறிக் காட்டி நிரூபித்தால் தேவையில்லை.

1872ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய சாட்சிய அதினியம்' நடைமுறைக்கு வந்துவிட்டது. 65பி இப்போது 63ஆம் பிரிவு. சான்றிதழில் இரண்டு பாகம். ஒன்று கொடுப்பவர் கையெழுத்துப் போடுவது. இன்னொன்று நிபுணர் போடுவது. புதிதாக ஒரு விஷயத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கோப்பின் 'ஹேஷ்' மதிப்பு. பயப்படாதீர்கள், அது கோப்பின் கைரேகை, அவ்வளவுதான். கோப்பில் ஒரு கமாவை மாற்றினாலும் ரேகை முழுசாக மாறிவிடும். மாற்றியது எங்கே என்று அது சொல்லாது. மாறிவிட்டது என்று மட்டும் காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு கெடுபிடி தேவையா? தேவைதான். ஏனென்றால் பொய் ஸ்க்ரீன்ஷாட் செய்வது ரவா உப்புமா கிளறுவதை விடச் சுலபம். எந்த இணையப் பக்கத்தையும் பிரவுசரில் திறந்து, பக்கத்தின் உள்கட்டமைப்பைக் காட்டுகிற ஜன்னலுக்குப் போனால், எழுத்துக்களை இஷ்டத்துக்கு மாற்றலாம். நிஜப் பக்கம் மாறாது. உங்கள் திரையில் மட்டும் மாறும். அதைப் படம் எடுத்தால் போதும். முதலமைச்சர் சொல்லாததைச் சொன்னதாக, பத்திரிகை எழுதாததை எழுதியதாக ஊருக்கு அனுப்பிவிடலாம். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல் மாதிரியே படம் செய்து தருகிற ஆப்களே இருக்கின்றன. கேட்டதை வரைந்து தருகிற செயற்கை அறிவும் இப்போது கூடச் சேர்ந்திருக்கிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் மளிகைக் கடைக்காரர்கள். 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு கடைகளில் கியூ.ஆர். அட்டை தொங்கியது. 'அனுப்பிட்டேன் அண்ணாச்சி, பாருங்க' என்று போனைக் காட்டிவிட்டு அரிசி மூட்டையோடு ஆள் போய்விடுவான். ராத்திரி கணக்குப் பார்த்தால் பணம் வந்திருக்காது. அவன் காட்டியது போன வாரத்து ஸ்க்ரீன்ஷாட்! இல்லாவிட்டால் போலி ஆப்பில் செய்த படம். அதனால்தான் கல்லாப் பக்கத்தில் அந்தக் குட்டி சவுண்ட் பாக்ஸ் வந்தது. 'ரூபாய் இருநூறு பெறப்பட்டது' என்று அது வாயைத் திறந்து சொன்னால்தான் அண்ணாச்சி பையை நகர்த்துவார். வாடிக்கையாளரின் திரையை அவர் பார்ப்பதே இல்லை. உச்ச நீதிமன்றம் பதினைந்து வருஷம் ஊஞ்சலாடி முடிவு செய்ததை அண்ணாச்சி ஒரே மாதத்தில் முடிவு செய்துவிட்டார்: நீ காட்டுகிற நகல் எனக்கு வேண்டாம், பணம் வந்து சேர்ந்த இடத்திலிருந்து எனக்குத் தகவல் வரட்டும்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொய்ப் படம் ஒரு ஆபத்து என்றால், நிஜப் படமும் ஆபத்துதான். உங்களை நம்பி ஒருவர் மனசைத் திறந்து அனுப்பிய நாலு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுகிறீர்கள். அது நிஜம்தான். ஆனால் அவர் அதை உங்களுக்கு மட்டும்தானே சொன்னார்? அந்த நாலு வரிக்கு முன்னால் நீங்கள் அனுப்பிய எட்டு வரியை வெட்டிவிட்டீர்களே? படம் எடுத்தால் மெசேஜ் அனுப்பியவருக்கே தகவல் போகிற மாதிரி ஸ்னாப்சாட் செய்திருக்கிறது. வங்கி ஆப்கள் பலவற்றில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவே முடியாது, கறுப்புத் திரைதான் வரும். ஆனாலும் பக்கத்தில் இன்னொரு போன் இருந்தால் அதில் 'க்ளிக்' செய்துவிடலாமே. மறுபடியும் 1963! எந்தப் பூட்டும் மனசாட்சிக்கு ஈடாகாது.

சரி, நாம் என்னதான் செய்வது? யாராவது இணையத்தில் உங்களை மிரட்டினாலோ, உங்கள் பெயரைக் கெடுத்தாலோ, உங்கள் பணத்தைச் சுருட்டினாலோ கையில் ஆதாரம் வேண்டுமே?

கல்வெட்டுத் துறைக்காரர் செய்ததைச் செய்யுங்கள். முழுத் திரையையும் எடுங்கள், வெட்டாதீர்கள். இணைய முகவரி, அனுப்பியவரின் நம்பர், தேதி, நேரம் எல்லாம் படத்துக்குள் இருக்கட்டும். ஒரு வரியை மட்டும் எடுக்காமல் முன்னும் பின்னும் சேர்த்து எடுங்கள். எடுத்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இன்ன தேதி, இத்தனை மணி, இந்தப் போனில் எடுத்தேன் என்று. முக்கியமாக, அசல் மெசேஜை அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் முதலில் செய்கிற தப்பு அதுதான். போனையும் மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வக்கீலுக்கோ போலீசுக்கோ அனுப்பும்போது படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், கைரேகை மாறிவிடும். கோப்பாக அனுப்புங்கள். பணம் போயிருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டை நாலு பேருக்கு அனுப்பிப் புலம்புவதற்கு முன்னால் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

உங்களுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தால்? அனுப்பியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கே வந்தது? எப்போது வந்தது? அசல் எங்கே? கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். தள்ளினால் நீங்களும் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

2004ல் அந்தச் சென்னைப் பெண்ணைக் காப்பாற்றியது வெறும் ஒரு படம் இல்லை. 'நான் பார்த்தேன், இன்ன தேதியில், இந்தக் கம்ப்யூட்டரில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூண்டில் ஏறிச் சொல்லவும் ஒரு மனிதர் தயாராக இருந்தார். படத்தை எடுக்க இரண்டு விரல் போதும். அதற்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும்.